கிடைத் தொலைத்தொடுகோட்டை வரைபடம் வெட்டலாம்

அண்ணா, "வரைபடம் தன் தொலைத்தொடுகோட்டை ஒருக்காலும் தொடாது, தொட்டால் வரைந்தது தப்பு" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தொலைத்தொடுகோடு என்பது வரைபடம் போகப் போக நெருங்கிக்கொண்டே செல்லும் நேர்கோடு. அதைத் தொடவே தொடாது என்பது பாதிதான் சரி.

ஒய் = எக்ஸ் / (எக்ஸ்² + 1) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் 10 என்றால் ஒய் 10/101. எக்ஸ் 100 என்றால் ஏறக்குறைய 0.01. போகப் போக எக்ஸ் அச்சை நெருங்குகிறது, ஆக அந்த அச்சுதான் தொலைத்தொடுகோடு. சரி, எக்ஸ் 0 ஆனால்? ஒய்யும் 0. ஆதிப்புள்ளியில் அச்சை வெட்டி மேலேறி, எக்ஸ் 1 ஆகும்போது 1/2 என்ற உச்சத்தைத் தொட்டு, அப்புறம்தான் இறங்குகிறது.

இப்படிக் கிடையாக, அதாவது படுக்கைவாக்கில், போகும் தொலைத்தொடுகோடு வரைபடத்தின் இரண்டு ஓரங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நடுவில் எத்தனை முறை வெட்டினாலும் அதற்குக் கவலையில்லை. செங்குத்துத் தொலைத்தொடுகோடு வேறு: ஒய் = 1/(எக்ஸ் − 2) என்பதில் எக்ஸ் 2 ஆனால் பகுதி (பின்னத்தின் கீழ் எண்) 0, மதிப்பே கிடையாது, வைக்கப் புள்ளியும் கிடையாது.

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ், மலையாளம் இரண்டு மீடியப் பிள்ளைகளுக்கும் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண் புள்ளிகளையெல்லாம் சரியாக வைத்துவிட்டு, ஆதிப்புள்ளியில் மட்டும் ரப்பரால் அழித்து இடைவெளி விட்டிருந்தாள். கிராஃப் தாள் அந்த இடத்தில் நைந்தே போயிருந்தது. கேட்டால் இதே விதியைத்தான் சொன்னாள். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. தயவுசெய்து அந்த வரியில் "செங்குத்து" என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள் அண்ணா.