வேக வரம்பு யாருக்காக?

நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த இ-சலான் (இணைய வழி அபராதச் சீட்டு) பதிவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மணிக்கு 80 கிலோமீட்டர் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் அதை எழுதியவர் 118இல் போயிருக்கிறார். சாலை காலியாக இருந்தது, வண்டி என் கட்டுப்பாட்டில் இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிறகு எதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்று கேட்கிறார். அதன் கீழே ‘இது வழிப்பறி’ என்று எழுதியவர்களில் என் நண்பர்கள் பலர் இருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

வேக வரம்பு ஓட்டுகிறவருக்காக மட்டும் வைக்கப்படுவதில்லை; சாலையைக் கடக்கிறவருக்காகவும்தான் வைக்கப்படுகிறது. 118இல் போகும் கார் ஒரு நொடியில் 32 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். எதிரில் ஆள் நிற்பதைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. உங்கள் கட்டுப்பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

என் சித்தப்பாவின் ஊரை, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. வீடு ஒரு பக்கம், பால் சொசைட்டி மறுபக்கம். சுரங்கப்பாதை வெகுதூரம் தள்ளி இருப்பதால் ஊரே மீடியனில் உள்ள இடைவெளி வழியாகத்தான் கடக்கும். கார் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதைக் கண் ஓரளவு சொல்லிவிடும். எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை, அதுவும் நேர் எதிரே வரும்போது, வயதான கண் சொல்லாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவின் பால் கேன் நசுங்கிக் கிடந்தது, பால் சாலையோர மண்ணில் ஊறியிருந்தது. ‘பெரியவர் திடீர்னு குறுக்க வந்துட்டார்’ என்று அவர் மீது மோதிய காரின் ஓட்டுநர் ஸ்டேஷனில் சொன்னார். பிறந்ததிலிருந்து அதே இடத்தில் கடந்து வந்த மனிதர் எப்படித் திடீரென்று வந்தவர் ஆவார்? திடீரென்று வந்தது கார்.

அரசு கல்லா நிரப்பப் பார்க்கிறது என்பீர்கள். வரம்புக்குள் ஓட்டுகிறவரிடமிருந்து அந்தக் கல்லாவுக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. சுங்கம் கட்டுகிறோமே என்பீர்கள். சுங்கம் சாலையில் போவதற்கு. ஊருக்குள் பறப்பதற்கு இல்லை. காமிரா தவறாகப் படம் பிடித்திருந்தால் தாராளமாக எதிர்த்து வாதாடுங்கள். கருவிக்குச் சான்றிதழ் வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும், 15 நாட்களுக்குள் அறிவிப்பு வர வேண்டும் என்று 2021இல் வந்த விதியே சொல்கிறது. ஆனால் அந்தப் பதிவர் தான் 118இல் போகவில்லை என்று எங்குமே சொல்லவில்லையே.

அரசியல்வாதிகளின் கார்களைப் பிடிப்பார்களா, ஆம்னி பஸ்களைப் பிடிப்பார்களா என்ற கேள்வி மட்டும் எனக்கும் உண்டு. பிடிக்கத்தான் வேண்டும், உங்களைவிட நான் அதை உரக்கச் சொல்வேன். ஆனால் அவர்களைப் பிடிக்காததால் என்னையும் விட்டுவிடு என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 17,884 பேர். நாடு முழுக்க இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் போனவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. 2023இல் திறந்த பெங்களூரு–மைசூரு சாலையில் சாவு மேல் சாவு விழுந்தது. பைக்கும் ஆட்டோவும் தடை செய்யப்பட்டு, காமிராக்களும் அபராதமும் வந்த பிறகுதான் அது பெருமளவு குறைந்தது. அங்கே பிழைத்தவர்கள் யார் யார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அவர்களுக்காக யாரும் பதிவு போடுவதில்லை. ஆயிரம் ரூபாய் போனவருக்கு மட்டும் ஊர் முழுக்க ஆறுதல் சொல்கிறது. சித்தப்பாவின் காரியத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் அந்த ஆறுதல் வரிசையில் இருக்கிறார்கள்.

அந்தப் பகிர்வை எடுத்துவிடுங்கள். மனமில்லை என்றால் என் நட்புப் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளுங்கள், வருத்தப்பட மாட்டேன். சித்தி முகநூலில் இருக்கிறார்; உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘வழிப்பறி’ என்ற சொல்லை அவர் பார்க்க வேண்டாம்.