நாங்கள் எதையும் மாற்றவில்லை

நேற்றிரவும் அதே வாக்கியந்தான்: "நாங்கள் எதையும் மாற்றவில்லை." இதை நம்பிக் கொழும்புக் கோட்டை அலுவலகத்தில் இராச்சாப்பாட்டைத் தொலைத்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை.

மாலை ஆறரைக்கு நிரல்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் ஐபிஎம் எம்கியூவில் வரிசையொன்று 5000 செய்திகளைத் தொட்டு, இனி இடமில்லை என்று 2053 பிழையைக் கக்கத் தொடங்கியது. உடனே ஒரு மகானுபாவர் உச்சவரம்பை 500,000 ஆக உயர்த்திவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்றார். வாய்க்கால் அடைத்துக் கிடக்கக் குளக்கட்டை உயர்த்தியவருக்கு எல்லோரும் நன்றி கூறினார்கள். இன்னொருவர் மெமரி போதாது என்றார். சேர்வர் சும்மா கிடப்பதைத் திரையில் காட்டியதும், அப்படியானால் நெட்வேர்க்தான் என்று தீர்ப்பளித்தார்.

நான் பார்த்தது லொக், அதாவது எம்கியூவின் பதிவேடு, எழுதப்படும் டிஸ்க்கை. அழியக்கூடாத செய்தியொன்றை வரிசையிலிருந்து எடுத்து, எடுத்தது உறுதி என்று கொமிட் செய்தால், அது டிஸ்க்கில் பதியும்வரை நிரல் காத்திருக்கத்தான் வேண்டும். டிஸ்க்கில் ஒவ்வொரு முறை எழுதவும் 8 மில்லிசெக்கன் பிடித்தது. ஒற்றை இழையில், அதாவது ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று, செய்திக்கொரு கொமிட் வீதம் ஓடும் நம் நிரல், தலைகீழாக நின்றாலும் செக்கனுக்கு 125 செய்திகளைத் தாண்டாது. ஐம்பதைச் சேர்த்து ஒரு கொமிட் செய்யுங்கள் என்று போன வருடமே எழுதிக் கொடுத்திருந்தேன், அது வேறு கதை.

டிஸ்க்கில் என்ன செய்தீர்கள் என்று, அதைப் பார்த்துக்கொள்பவர்களிடம் ஏழு மணிக்குக் கேட்டேன். எதையும் மாற்றவில்லை. எட்டு மணிக்குக் கொஞ்சம் பணிவாகக் கேட்டேன். எதையும் மாற்றவில்லை. ஒன்பதே முக்காலுக்கு, "மாற்றம் என்று நீங்கள் கருதாத எதையாவது செய்தீர்களா?" என்று வக்கீல் பாணியில் கேட்டபோதுதான், அதுவரை மைக்கை மூடியிருந்த தம்பியொருவர் வாய் திறந்தார்: "அண்ணா, சனிக்கிழமை லொக் ஃபைல்களைப் பொது ஸ்டோரேஜுக்குக் கொண்டுபோனோம். அதுவும் கணக்கில் வருமா?"

வரும், தம்பி. அந்த ஸ்டோரேஜில்தான் ஆறு மணிக்கு பேக்கப் தொடங்குகிறது என்பதும் வரும்.

பேக்கப்பை நிறுத்தியதும் வரிசை மளமளவென்று வடிந்தது. காலையில் வந்த அறிக்கையில், காரணம் என்ற கட்டத்துக்குள் "நெட்வேர்க் தாமதம்" என்று எழுதியிருக்கிறார்கள். சிரித்த சிரிப்பில் பிளேன்டீ புரையேறியது. உச்சவரம்பை யாரும் குறைக்கவில்லை. அது இன்னமும் 500,000 தான்.