நல்ல நாளில் தார்ப்பாயைப் பற்றிப் பேசினால் என்ன?

சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் குழுவில் புதன்கிழமை ராத்திரி நடந்தது இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்க்ரீன்ஷாட் வந்திருக்கும். அதனால் முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. தீபாவளி வசூலில் பட்டாசுக்கும் மைக்செட்டுக்கும் போக, வீட்டுக்கு 50 வெள்ளி கணக்கில் ஒதுக்கி, ஊரில் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குத் தார்ப்பாய், நைலான் கயிறு, டார்ச், பவர் பேங்க் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று எழுதினேன். அவ்வளவுதான். வந்த பதில்: "தங்கச்சி, நல்ல நாளும் அதுவுமா ஏன் அபசகுனமா பேசுறீங்க? புயல் வந்தா பார்த்துக்கலாம். நாங்கதான் இருக்கோமே." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அபசகுனம். இரண்டு நாளாக அந்தச் சொல்தான் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். புயலுக்கு அப்புறம் நாம் அனுப்பும் பணம், புயலடிக்கிற ராத்திரியில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவாது. அந்த ராத்திரியிலும் அதற்கடுத்த பத்து நாளிலும் வீட்டுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் உதவும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் அம்மா வேதாரண்யத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், ஓட்டு வீட்டில், ஒரு பசுவோடு தனியாக இருந்தார். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. முதலில் வடக்கிலிருந்து அடித்து ஓடுகளைப் பிடுங்கியது. அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. புயல் போய்விட்டது என்று நினைத்து அம்மா வெளியே வந்து பசுவைத் தேடியிருக்கிறார். அது புயலின் கண். கண் கடந்ததும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தெற்கிலிருந்து வந்த அடியில் கொல்லைத் தென்னை, அவர் நின்ற இடத்துக்கு நாலு அடி தள்ளி விழுந்தது. நாலு அடி.

இதெல்லாம் எனக்கு ஐந்தாம் நாள்தான் தெரியும். அதுவரை போன் இல்லை. டவரும் இல்லை, சார்ஜ் போட மின்சாரமும் இல்லை. நான் இங்கே உட்லண்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து ஒரே எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். முதல் நாளே அம்மாவின் கணக்கில் பணம் போட்டுவிட்டேன். பணம் போய்ச் சேர்ந்தும்விட்டது. எடுக்க ஏ.டி.எம். ஓடவில்லை. வங்கிப் புத்தகமும் குடும்ப அட்டையும் நனைந்து கூழாகிவிட்டன. தார்ப்பாய் கடைகளில் தீர்ந்துபோய், இருந்ததையும் இரண்டு மடங்கு விலைக்கு விற்றார்கள். நம் குழு அனுப்பிய தார்ப்பாய் எங்கள் தெருவுக்கு வந்தது ஒன்பதாம் நாள். அந்த ஒன்பது நாளும் மழை பெய்தது. வசூல் செய்து அனுப்பிய யாரையும் நான் குறை சொல்லவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் ஓடினார்கள், கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தத் தார்ப்பாய் முதலிலேயே பரணில் இருந்திருந்தால் அம்மா ஒன்பது நாள் நனைந்திருக்க மாட்டார். இதில் அபசகுனம் எங்கே வந்தது?

"ஊர்க்காரனுக்குப் புயல் தெரியாதா? 77 புயலையே பார்த்தவங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி. 1977 நவம்பர் புயலைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் மிச்சம்? அதற்கும் கஜாவுக்கும் நடுவில் 41 வருடம். அந்தக் காலத்தில் தண்ணீர் கிணற்றில் இருந்தது, வெளிச்சம் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தது, அரிசி குதிரில் இருந்தது. கூரை பறந்தால் புதிதாக வேய ஆளும் கீற்றும் ஊரிலேயே கிடைத்தன. இப்போது தண்ணீர் மோட்டாரில். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற மின்சாரம் வேண்டும். கஜாவுக்கு அப்புறம் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்துதான் தொட்டியை நிரப்பினார்கள். போனுக்கு ஒரு தடவை சார்ஜ் போடவும் காசு கொடுத்தார்கள். எங்கள் தெருவின் அடிபம்பு துருப்பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. வசதி கூடக் கூட, புயலைத் தாங்கும் வீட்டின் சக்தி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஊருக்கு எல்லாம் தெரியும் என்பவர்கள் கொஞ்சம் இதையும் யோசியுங்கள்.

இன்னொருவர், "அரசாங்கம்தான் எச்சரிக்கை விட்டு ஆளை ஏத்திக்கிட்டுப் போகுதே" என்றார். உண்மை. கஜா நேரத்தில் எச்சரிக்கை ஒழுங்காகவே வந்தது. நவம்பர் 10ஆம் தேதியே வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது. கிட்டத்தட்ட ஆறு நாள் அவகாசம். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்துக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஆறு நாள் கிடைத்தும் நம் வீடுகளில் என்ன செய்தோம்? பட்டாவையும் ஆதாரையும் பிளாஸ்டிக் உறையில் போட்டோமா? வீட்டின் மேல் சாய்ந்திருந்த கிளையை வெட்டினோமா? மாட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று சொன்னோமா? புயல் பாதுகாப்பு மையம் ஒரு ராத்திரி உயிரைக் காப்பாற்றும். அது பெரிய காரியம். ஆனால் மறுநாள் காலை திரும்பி வருவது அதே வீட்டுக்குத்தான்.

காசில்லாதவன் எங்கே போவான் என்று கேட்டார்கள். அதற்காகத்தானே நாம் கொடுக்கலாம் என்றேன்!

"சிங்கப்பூர்ல சொகுசா உக்காந்துக்கிட்டு ஊருக்குப் புத்தி சொல்றாங்க" என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சொகுசுதான். கஜாவுக்கு இரண்டு மாதம் முன்னால், 2018 செப்டம்பர் 18 நள்ளிரவுக்குப் பின் இங்கே பல வட்டாரங்களில் மின்சாரம் போனது. எங்கள் புளோக்கும் இருட்டானது. 38 நிமிடத்தில் திரும்பிவிட்டது. அதற்கே மறுநாள் முழுக்க எல்லாரும் அதைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் அம்மா வீட்டுக்கு மின்சாரம் திரும்ப 31 நாள் ஆனது. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

சொகுசான இந்த ஊரில் நான் கற்றுக்கொண்டதும் ஒன்று இருக்கிறது. என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் நடுவில் கான்கிரீட் சுவரும் கனத்த இரும்புக் கதவும் போட்ட பாம் ஷெல்டர், அதாவது குண்டு விழுந்தால் ஒதுங்கும் அறை, இருக்கிறது. 1998 முதல் சட்டப்படி புதிய வீடுகளில் அது இருந்தாக வேண்டும். நாம் எல்லாரும் அதில் அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் வைத்திருக்கிறோம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சி, மாவிலைத் தோரணம் கட்டிக் குடி போகும்போது யாராவது ஐயோ, குண்டு விழுவதற்கு அறை கட்டியிருக்கிறார்களே, அபசகுனம் என்று சொன்னார்களா? வருடா வருடம் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினத்தில் நம் பிள்ளைகள் பள்ளியில் பயிற்சி செய்கிறார்கள். அவசரப் பையில் டார்ச், மருந்து, முக்கிய ஆவணங்கள் வைத்திருங்கள் என்று குடிமைத் தற்காப்புப் படை சொன்னால் நல்ல விஷயம் என்று பகிர்கிறோம். அதையே நம் அம்மாக்களுக்குச் சொன்னால் மட்டும் வாய் வைக்கிறேன் என்கிறீர்கள்.

அந்தச் சொல் ஏன் இப்படிச் சுடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போனபோது அம்மாவுக்கு 34 வயது. அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் முன்வரிசையில் நின்றதில்லை. யாராவது வெளியூர் கிளம்பினால் எதிரே வந்துவிடக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பார். என் கல்யாணத்தன்று கூட சமையல்கட்டிலேயே இருந்தார். அபசகுனம் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவள் நான். குழுவில் எழுதிய அண்ணன் எங்கள் தெருதான், அவருக்கும் இது தெரியும். யோசிக்காமல் எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வலிக்கிறது.

அந்த அண்ணனின் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவருடைய ஒரு மாத மாத்திரை, நெகிழி உறையில் இரட்டை முடிச்சுப் போட்டு, எங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கஜாவில் மாத்திரை கிடைக்காமல் அவர் மயங்கி விழுந்ததைப் பார்த்ததிலிருந்து ஒவ்வொரு ஐப்பசிக்கும் அம்மா இதைச் செய்கிறார். தன் பென்ஷன் பணத்தில். எந்த அபசகுனமும் பார்க்காமல்.

குழுவில் திரும்ப விவாதிக்க எனக்குத் தெம்பில்லை. 12 வீடுகளுக்கு நானும் தோழிகள் மூன்று பேரும் பணம் போட்டுவிட்டோம். திருத்துறைப்பூண்டியில் ஒரு கடையில் தார்ப்பாய்க்குச் சொல்லியாயிற்று. அடிபம்புக்கு வாஷர் மாற்ற ஆளும் பேசியிருக்கிறோம். இன்னும் 30 வீடு பாக்கி. சேர விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தேக்கா சந்தைக்கு மேல்மாடியில் வழக்கமான இடத்துக்கு வாருங்கள். வெள்ளி கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் வீட்டில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அண்ணனும் வரலாம்.