பால் வேறு, பாலுக்குள் இருப்பது வேறு

அக்கா மகளுக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பில் கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற அரிக்கும் தோல் அழற்சி. இரவெல்லாம் சொறிவாள், காலையில் தலையணை உறையில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் "பாலை நிறுத்து" என்கிறார்கள், மீதிப் பேர் "பால் நிறையக் கொடு, தோல் தேறும்" என்கிறார்கள். போன வாரம் அக்கா அழுதேவிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை.

முதலில், பாலுக்குள் தோலுக்கு உதவக்கூடியது என்ன என்று பார்ப்போம். பால் திரிந்தால் கட்டியைச் சுற்றி இளமஞ்சளாகத் தண்ணீர் நிற்குமே, அதைப் பார்த்திருப்பீர்கள். பசும்பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் அந்தக் கட்டியில் போய்விடும் கேசீன். மீதி 20 சதவீதம் தண்ணீரோடு நிற்கிற மோர்ப்புரதம். அதில் கொஞ்சமே கொஞ்சம் லாக்டோஃபெரின் என்ற புரதம். இது இரும்பைக் கவ்விக்கொள்ளும். இரும்பு கிடைக்காமல் பல பாக்டீரியாக்கள் பெருக முடியாது. அழற்சியையும் தணிக்கும். சீம்பாலில் இது நிறைய உண்டு.

2010இல் கொரிய ஆய்வு ஒன்று வெளியானது. முகப்பரு உள்ள 36 பேர். பாதிப் பேருக்கு வெறும் புளித்த பால், பாதிப் பேருக்கு அதிலேயே தினம் 200 மில்லிகிராம் லாக்டோஃபெரின். 12 வாரம் கழித்துப் பார்த்தால், லாக்டோஃபெரின் எடுத்தவர்களுக்குச் சிவந்து வீங்கும் பருக்கள் மற்றவர்களைவிட 38.6 சதவீதம் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருகிறது. தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸுக்கும் மோர்ப்புரதச் சாற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது.

சரி, அப்படியென்றால் பால் குடித்தால் போதுமா? போதாது. ஒரு லிட்டர் பசும்பாலில் லாக்டோஃபெரின் 100, 200 மில்லிகிராம் இருந்தாலே அதிகம், காய்ச்சினால் அதிலும் பெரும்பகுதி சிதைந்துவிடும். தவிர, பால் அதிகம் குடிப்பவர்களுக்குப் பரு கூடுவதாகவும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இன்சுலினையும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் பால் உயர்த்துவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதனால், பாலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்குக் கிடைத்த பலனைப் பால் டம்ளர்மேல் ஏற்றிச் சொல்லாதீர்கள்.

அதே மாதிரி, சும்மா நிறுத்தவும் சொல்லாதீர்கள். பால் ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் கரப்பான் இருக்கிறதே என்று நெடுநாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தபோது, முன்பு இல்லாத கடுமையான ஒவ்வாமை வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேற்று மருத்துவர் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி: "பால் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வாந்தியோ வருகிறதா?" அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை பேர் யோசனை சொன்னோம், நான் உட்பட ஒருவரும் அதைக் கேட்டதே இல்லை. இப்போது ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதி வருகிறாள்.