தோல்வியே அறியாதவர் என்று எழுதாதீர்கள்

பாம்பன் தெற்குவாடியில் ஐஸ் கம்பெனிப் பக்கம் போகிறவர்கள் அந்த பேனரைப் பார்த்திருப்பீர்கள். அண்ணனின் படம், பக்கத்தில் ஒரு கேரம் பலகை, கீழே பெரிய எழுத்தில் 'தோல்வியே அறியாத கேரம் மன்னன்'. வைத்தவர்கள் எல்லோரும் என் நண்பர்கள். அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்களுடைய துக்கத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் அந்த வரியைக் கடந்து போகும்போதெல்லாம் நெஞ்சில் முள் தைக்கிறது. அண்ணன் தோற்றிருக்கிறார். நிறையத் தோற்றிருக்கிறார். தோற்ற ஆட்டத்தை அடிக்கு அடி திரும்பச் சொல்லிக் காட்டுவதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை.

பெயரைப் போட வேண்டாம் என்று மதினி கேட்டுக்கொண்டார். ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: விசைப்படகில் கூலிக்குப் போன மீனவர். ஐம்பத்தெட்டு வயது. மாசி மாதம் ஒரு விடிகாலையில், கடலுக்குக் கிளம்பும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

நான் இதை எழுதுவதற்கு ஒரு சிறுவன் காரணம். பன்னிரண்டு வயது இருக்கும். பேனருக்குக் கீழே நின்றுகொண்டு என்னிடம் கேட்டான்: "அவர் தோற்றதே இல்லையாமே, மாமா? நான் நேற்று மட்டும் நான்கு போர்டு தோற்றுவிட்டேன். எனக்கு இந்த விளையாட்டு வராது போல." அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பையனை அங்கேயே பிடித்து உட்கார வைத்து, நான்கு போர்டிலும் எந்தக் காயில் தப்பு நடந்தது என்று கேட்டிருப்பார். நாம் வைத்த பேனர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

எங்கள் கரைக்குக் கேரம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் இருக்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். பகலில் வலை பொத்துவது, படகுக்கு வர்ணம் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் போடுவது என்று வேலை இருக்கும். பொழுது சாய்ந்தபின் கை சும்மா இருக்காது. அப்போதுதான் பலகைகள் வெளியே வரும். எங்களுக்குத் தடைக்காலம்தான் கேரம் காலம்.

கடலோரத்தில் ஒரு பலகையைக் காப்பாற்றுவது சாதாரணக் காரியம் இல்லை. 74 சென்டிமீட்டர் சதுரமான அந்த ஒட்டுப்பலகை உப்புக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி நடுவில் மெல்லப் புடைக்கும். போரிக் பவுடர் கட்டி தட்டும். நேராகப் போக வேண்டிய காய் குழிக்கு ஒரு விரல்கடை முன்னால் வளையும். அண்ணன் மாலை ஐந்து மணிக்கே நாங்கள் ஆடும் கொட்டகைக்கு வந்து பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அறுபது வாட் பல்பைத் தொங்கவிட்டு எரியவிடுவார். வெளிச்சத்துக்காக என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஈரம் இழுப்பதற்காக. பிறகு மதினியின் பழைய நூல் சேலையிலிருந்து கிழித்த துணியால் துடைப்பார். நடுவிலிருந்து மூலைக்கு, மூலையிலிருந்து நடுவுக்கு. கடைசியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல இருக்கும்.

அந்தக் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலது ஆட்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே, தூண்டில் நரம்பு அறுத்த தழும்பு. பெரிய மீன் ஒன்று இழுத்தபோது சதையோடு போனது. அதன்பிறகு அந்த விரல் முழுதாக மடங்கவில்லை. அதனால் நடுவிரலால் சுண்டினார். நாங்கள் சிறுவர்களாக அவர் எதிரில் உட்கார்ந்து பழகியதால், காரணம் தெரியாமலே எல்லோரும் நடுவிரலுக்கு மாறிவிட்டோம். ராமநாதபுரத்தில் ஒரு போட்டிக்குப் போனபோது, "நீங்கள் தெற்குவாடியா?" என்று விரலைப் பார்த்தே ஒருவர் கேட்டார்.

இந்த ஆண்டு தடை தொடங்கிய அன்று இரவு, கொட்டகையில் அந்த பல்பைப் போட்டு, பலகையை நடுவில் வைத்து, ஆடாமல் பேசிக்கொண்டிருந்தோம். பதினாறு பேர். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஒருவர் ஆரம்பித்தார், மற்றவர் தொடர்ந்தார், விடியும்வரை போனது. அந்த இரவில் கேட்டவற்றைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் பேசியவர் பெரியபட்டினத்து நண்பர். அவரும் அண்ணனும் ஒரு காலத்தில் பஹ்ரைனில் ஒரே படகில் மீன்பிடி வேலை பார்த்தவர்கள். துறைமுகத்துப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மாலை கூடும் அறையில் ஒரு பூல் மேசை இருந்ததாம். பச்சைத் துணி, ஆறு குழி, பதினைந்து வண்ணப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து, நீளக் கோல். அண்ணன் ஒரு வாரம் ஆடாமல் நின்று பார்த்துவிட்டு, "நின்றுகொண்டு ஆடுகிற கேரம்தானே, மச்சான்" என்று கோலை வாங்கினாராம். பிலிப்பைன்ஸ்காரரான ஒரு சமையல்காரர் மூன்று மாதம் அவரை விடாமல் தோற்கடித்தார். அந்தச் சமையல்காரர் தம் கட்டிலுக்கு மேலே எஃப்ரன் ரேயஸ் படத்தை ஒட்டி வைத்திருந்தவர். ரேயஸ் 1999இல் ஒன்பது பந்து ஆட்டத்தில் உலக சாம்பியனான பிலிப்பைன்ஸ்காரர். 'மந்திரவாதி' என்று உலகமே அழைத்த ஆட்டக்காரர்.

அண்ணனுக்கு எங்கே இடித்தது என்றால், கேரமில் ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துக் கோட்டில் வைத்துக்கொள்ளலாம். பூலில் அப்படி இல்லை. வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. பந்தைக் குழியில் போட்டுவிட்டு மகிழ்ந்து நிமிர்ந்தால், வெள்ளைப் பந்து மூலையில் சிக்கிக் கிடக்கும். மூன்று மாதமும் அவர் தோற்றது அதனால்தான். நாலாவது மாதம் ஓர் ஆட்டம் ஜெயித்தார். சமையல்காரர் அன்று இரவு அவருக்கு மீன் வறுத்துக் கொடுத்தார்.

ஊர் திரும்பிய அண்ணனின் கேரம் மாறியிருந்தது. இது எனக்கே நினைவிருக்கிறது. முன்பெல்லாம் எதிரில் கிடைக்கிற காயைப் பட்டென்று போடுவார். வந்த பிறகு, எளிதான காயை விட்டுவிட்டு, கூட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு காயை மெல்லத் தட்டி இளக்கி வைப்பார். ஏன் என்று கேட்டால், "அது எங்கேயும் போகாது. இதற்கு இப்போதே வழி செய்ய வேண்டும்" என்பார். பிலிப்பைன்ஸ்காரரிடம் தோற்ற மூன்று மாதத்தின் பாடம் தெற்குவாடிக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அவர் தோற்றதே இல்லை என்றால் இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அடுத்தது அக்கரையில், இலங்கைச் சிறையில் அண்ணன் இருந்த நாற்பது நாள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு எட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள். அதில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ராத்திரி முழுக்க அழுவானாம். அண்ணன் சிமெண்ட் தரையில் கரியால் கட்டம் போட்டார். சோடா மூடிகள்தான் காய். மூலையில் வட்டம், அதற்குள் போய் நின்றால் விழுந்ததாகக் கணக்கு. முகப்பவுடர் கொஞ்சம் கிடைத்தது. பையனை எதிரில் உட்கார வைத்து ஆடினார். பாவம் என்று விட்டுக்கொடுத்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். கதையைச் சொன்னவர் தலையை ஆட்டினார். "ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் தோற்கடித்தார். தோற்றது எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். பையன் அம்மாவை நினைத்து அழுவதை விட்டுவிட்டு, அந்த ஒரு மூடியை எப்படி அடித்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போவான்." அந்தப் பையனும் அன்று கொட்டகையில் இருந்தான். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் எதுவும் சொல்லவில்லை. பவுடர் டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

காசு வைத்து ஆடுவது அண்ணனுக்குப் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு முறை ஆடினார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தடைக்கால நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அப்போது 5,000. ஓர் இளைஞன் அந்தப் பணம் முழுவதையும் பந்தயத்தில் விட்டுவிட்டான். ஜெயித்தவரிடம் அண்ணன் போய் உட்கார்ந்தார். 3,000 வரை மீட்டார். அடுத்த ஆட்டத்தில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டார். அந்த மூவாயிரத்தை இளைஞனின் அம்மாவிடம் கொடுத்தார். மீதி இரண்டாயிரத்தை மதினியிடம் கேட்டு வாங்கிச் சேர்த்துக் கொடுத்தார். இதைச் சொன்னவர் வேறு யாரும் இல்லை, அன்று பணத்தை ஜெயித்தவரேதான். "அந்த இரண்டாயிரத்தை நான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்" என்றார். "இத்தனை வருடம் தினமும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை."

இனி, அந்த இறுதிப் போட்டி. கோயில் திருவிழாவுக்கு நடத்திய போட்டி. எதிரில் தங்கச்சிமடத்து இளைஞன். ஊர் முழுக்க நின்று பார்த்தது. இதை நான் நாலைந்து விதமாகக் கேட்டிருக்கிறேன். சட்டையின் கை பட்டது என்பார்கள் சிலர், சுண்டுவிரல் பட்டது என்பார்கள் சிலர். கணக்கில் மட்டும் யாருக்கும் வேறுபாடு இல்லை. 25 புள்ளிக்கு ஆட்டம். அண்ணன் 24, அவன் 23. அண்ணனுக்கு ஒரே ஒரு காய் பாக்கி. சிவப்புக் காயான ரெட்டையும் போட்டு, அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயையும் போட்டு முடித்துவிட்டார். அவனுக்கு மூன்று காய் பாக்கி. அண்ணன் சுண்டினார். காய் விழுந்தது. கூட்டம் கத்தியது. அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். "அடிக்கும் முன்னால் என் கை அந்தக் காயில் பட்டுவிட்டது" என்றார்.

நடுவர் பார்க்கவில்லை. பட்டதாகத் தெரியவில்லையே என்றார். அண்ணன் குழிக்குள் கையை விட்டு அந்தக் காயை எடுத்து வைத்தார். அபராதமாக இன்னொரு காயையும் வைத்தார். பலகையில் இப்போது அவருடைய காய் இரண்டு. இளைஞன் மூன்று காயையும் வரிசையாகப் போட்டான். மீதிக் கிடந்த அண்ணனின் இரண்டு காய்க்கு அவனுக்கு இரண்டு புள்ளி. 23உம் 2உம் 25. கோப்பை தங்கச்சிமடம் போனது.

அந்த இளைஞர் இப்போது படகு முதலாளி. கொட்டகைக்கு அவரும் வந்திருந்தார். எல்லோரும் தங்கள் தங்கள் விதமாகச் சொல்லி முடித்தபின் அவர் மெதுவாகச் சொன்னார்: "கைதான் பட்டது. நான் பார்த்தேன். காய் அசைந்ததைப் பார்த்தேன். நான் சொல்லவில்லை. கூட்டத்துக்குப் பயந்தேன். நான் சொல்ல வேண்டியதை அவரே சொன்னார்." பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

இப்போது சொல்லுங்கள். அன்று அண்ணன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கோப்பை வீட்டில் இருந்திருக்கும். பேனர் வரியும் கொஞ்சம் உண்மையாகியிருக்கும். அந்த வரியை உண்மையாக்க அவர் ஆசைப்படவில்லை. இறந்தபிறகு நாம் ஏன் அவர்மேல் அதைச் சுமத்த வேண்டும்? இறந்தவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு, அவர் கையால் எடுத்து வைத்த அந்தக் காயை நாம் திரும்பவும் குழிக்குள் போடுகிறோம். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. கோபமாகவும் இருக்கிறது. நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

அண்ணனுக்குப் பெரிய ஆட்டக்காரர்கள்மேல் அவ்வளவு மரியாதை. சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996இல் அர்ஜுனா விருது பெற்றவர். அவர் படம் வந்த செய்தித்தாள் துண்டு கொட்டகைச் சுவரில் பழுப்பேறி இன்றும் ஒட்டியிருக்கிறது. 2024 நவம்பரில், சென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற செய்தி வந்த அன்று, அண்ணன் டீக்கடையில் எல்லோருக்கும் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார். மன்னன் என்று அவர் யாரையாவது சொல்லியிருந்தால் இவர்களைத்தான் சொல்லியிருப்பார். தன்னை ஆட்டம் தெரிந்தவன் என்றுகூடச் சொல்லிக்கொண்டதில்லை. "பழகிக்கொண்டிருக்கிறேன்" என்பார். ஐம்பத்தெட்டு வயதிலும் அதைத்தான் சொன்னார்.

பேனர் வைத்த நண்பர்களிடம் பேசிவிட்டேன். முதலில் வருத்தப்பட்டார்கள். பிறகு அந்த இறுதிப் போட்டியை நேரில் பார்த்தவரே முன்வந்து அவிழ்த்துக் கொடுத்தார். வேறு வரி எழுதி வைக்கலாமா என்று கேட்டார்கள். மதினியிடம் கேட்டோம். "வரியெல்லாம் வேண்டாம், தம்பி. பலகை ஈரம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். உள்ளே போய் அந்த நூல் சேலைத் துணியை மடித்து எடுத்துவந்து கொடுத்தார்.

ஆகவே தெரிவிக்கிறேன். ஜூன் 14 வரை தினமும் மாலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் பல்ப் எரியும். ஆறு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம். காசு வைத்து ஆடக் கூடாது. அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் அப்பா இதைப் படித்தால் அவனைக் கட்டாயம் அனுப்பிவையுங்கள். அவன் தோற்ற நான்கு போர்டையும் எனக்குச் சொல்ல வேண்டும்.