அந்த அனுப்புதல் ஆராதனையைப் பார்த்த பிறகு

ஓர் இளம் மிஷனரியை ஊழியத்துக்கு வழியனுப்பிய ஆராதனையின் காணொளியை மூன்று நாட்களாக நீங்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த அனுப்புதல் ஆராதனையை நானும் முழுமையாகப் பார்த்தேன். அந்த இளம் மிஷனரியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த ஒரு பிள்ளை, தாயையும் வீட்டையும் விட்டு, இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தைத் தேடி வருகிறது என்றால் அதை நான் மனதார மதிக்கிறேன். என்னைப் புண்படுத்தியது மேடையில் பேசியவர் சொன்ன வாக்கியம். "மனிதர் வாழத் தயங்கும் குளிருக்குள் நம் தம்பியை அனுப்புகிறோம்" என்றார். மண்டபம் முழுவதும் ஆமென் சொன்னது. அந்தக் குளிருக்குள்தான் நான் பிறந்தேன். என் தாய் அங்கே முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தார். வாழத் தயங்காமல் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கும் நாங்கள் அந்தப் பேச்சில் யாராக இருந்தோம் என்பதுதான் என் கேள்வி.

குளிர் இல்லை என்று நான் சொல்லவில்லை. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் தோட்டத்தின் மேல்மலைகள் ஹோர்ட்டன் சமவெளியை நோக்கி ஏறுபவை. சனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்தால் விடியும்போது புல்வெளி வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடும். மழைக்காலத்தில் உடுப்பு மூன்று நாள் காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும், வேதாகமத்தின் அட்டையில்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். இவை எல்லாவற்றுக்கும் எங்களிடம் வழி இருக்கிறது. விடியற்காலையில் பீலியில் விழும் மலைத் தண்ணீரில் குளிக்க மாட்டோம், நண்பகலில் குளிப்போம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளை, மிலாறை, கார்த்திகைக்கு முன்பே கட்டி வந்து அடுப்புக்கு மேலே காயவைப்போம். தடிமன் பிடித்தால் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்போம். இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசுவோம். கொழுந்து நிறைந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலை, அதாவது பறித்த கொழுந்துக்குக் காசு தரும் வேலை, இருக்கும். ஆலயத்துக்கு ஆள் வரவில்லை என்று அந்தத் தம்பி மனம் தளரக்கூடாது, மாலையில் கொழுந்தை எடைபோட்டு முடிந்த பிறகு, நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போனால் எல்லோரையும் காணலாம். இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் எங்கள் பெண்கள். அந்த ஆராதனையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் முன்னோருக்கும் இந்தக் குளிர் புதியதாகத்தான் இருந்தது. இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் வெயிலை மட்டுமே கண்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் உறவினரை வழியெங்கும் பறிகொடுத்து, மேலே ஏறினார்கள். அவர்களுக்காக எந்த மண்டபத்திலும் அனுப்புதல் ஆராதனை நடக்கவில்லை. 2023 இல், அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் கடைசி இரண்டு நாட்கள் நானும் நடந்தேன். நல்ல தார் வீதியில், காலில் சப்பாத்தோடு நடந்தே என் பாதம் கொப்பளித்தது.

1854 இல் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரின் ஆதரவோடு தோட்டங்களில் ஊழியம் தொடங்கியபோது அதற்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பின்னர் மாறிவிட்டது. மேடையிலிருந்து எங்களைக் குனிந்து பார்க்கும் பார்வை மாறவில்லை என்பதைத்தான் இந்த வாரம் கண்டேன். நான் கத்தோலிக்கப் பெண் அல்லள். ஆனாலும் 1692 இல் கண்டிக்கு வந்து, போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்ட கத்தோலிக்கக் குரு ஜோசப் வாஸ் அடிகளார், சிறையில் இருந்தபடியே சிங்களம் கற்றார் என்பதை என் மாணவர்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். அவர் வந்த இடத்தில் முதலில் கற்றுக்கொண்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது இதேபோல ஓர் இளம் மிஷனரி எங்கள் தோட்டத்துக்கு வந்தார். ஆலயத்தின் பக்கத்து அறையில் தங்கினார். முதல் வாரமே நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார். லயத்தில் எங்கள் அறையான காம்பராவில் ஆறு பேருக்கு மூன்று கம்பளிகள் இருந்தன. அம்மா அவற்றில் நல்லதை எடுத்துக்கொண்டுபோய் அவருக்குப் போர்த்தினார். அந்த வருடம் முழுவதும் தம்பிகள் இருவரும் படங்குச் சாக்கை மடித்துப் போர்த்தி, அடுப்போரத்தில் படுத்தார்கள். பதினொரு மாதங்களில் அவர் மாற்றலாகிப் போனார். பின்னர் ஒரு கூட்டத்தில் அவர் சாட்சி சொன்னதை நாங்கள் கேட்டோம். "அந்தக் குளிரில் ஆண்டவர் எனக்கு ஒரு கம்பளியைத் தந்தார்" என்றார். அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். அம்மா அந்தச் சாட்சியைக் கேட்டு மகிழ்ந்தார். என்னால் இன்றுவரை மகிழ முடியவில்லை.

அந்தப் பிள்ளையின் தாய் அழுதது பொய்யா என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். பொய் இல்லை. அந்தத் தாயின் கண்ணீரைப் பார்த்து நானும் அழுதேன். பிள்ளையைப் பிரியும் தாய் எந்த ஊருக்கு அனுப்பினாலும் அழுவாள். அந்தக் கண்ணீரை எடுத்து எங்கள் ஊரின் மேல் பழியாக ஊற்றியவர்களைத்தான் நான் கேட்கிறேன். ஊழியக்காரர் வருவதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். நன்றியை எங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வந்த ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் போதகருக்கும் நாங்கள் மாலை போட்டே வரவேற்றோம். அவர்களில் பலர் வந்த மாதமே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள். எங்கள் பிள்ளைகள் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை எழுதினார்கள்.

நீயே கொழும்பில் இருந்துகொண்டு மலையைப் பற்றிப் பேசுகிறாயே என்று கேட்பீர்கள் என்பதும் தெரியும். ஆம், பதினாறு வருடங்களாகக் கொழும்பில் இருக்கிறேன். குளிருக்குப் பயந்து நான் இறங்கவில்லை. எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லை, காம்பராவில் இடம் இல்லை, அதனால் இறங்கினேன். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, நாங்கள் பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல என்பது நாடு முழுவதற்கும் தெரிந்திருக்க வேண்டும். வாழத் தயங்கும் இடமாக அதை ஆக்கியது பனி இல்லை. 1948 இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எங்களைக் கேட்காமலே தலைகளை எண்ணிப் பிரித்தார்கள்.

கண்ணீரோடு அனுப்புவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். 1976 இல் என் தாய்மாமா குடும்பம் அந்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அப்படித்தான் போனது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஹட்டன் ஸ்டேசனில் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு கதறியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் மக்கள் பெயர் வைத்தது அதனால்தான். மாமா ஒரு தேயிலைக் கன்றை வேரோடு பிடுங்கி, மண்ணோடு துணியில் கட்டி மடியில் வைத்திருந்தார். நீங்கள் யாரும் வாழத் தயங்கும் அந்தக் குளிரை விட்டுப் போக வேண்டியிருக்கிறதே என்றுதான் அத்தனை பேரும் அழுதார்கள்.

நேற்று இரவு ஊரிலிருக்கும் சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. காணொளியைப் பற்றி எதுவும் தெரியாது. "புதுசா வந்திருக்க ஐயாவுக்குக் கால் வெடிச்சிருக்குடி, தேங்காண்ணெய் குடுத்தேன், நம்ம பயலோட மேசு ரெண்டும் குடுத்தேன்" என்றார். மேசு என்றால் காலுறை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ஐயா உங்கள் பெயரைக் கேட்டாரா சின்னம்மா என்று கேட்டேன். கேட்டாராம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டு, முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாராம்.