தலைப்பகுதியின் பின்னால் எழுதியிருக்கும் நாட்டின் பெயர்

சென்ற மாதம் அண்ணன் மகனுக்கு முதல் பேஸ் கிட்டார், அதாவது அடிச்சுரங்கள் வாசிக்கும் கிட்டார், வாங்குவதற்காகச் சென்னையில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். ஒரு வருடம் என்னுடைய பழைய கிட்டாரில் பழகிவிட்டு, இப்போது தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கத் தொடங்கியிருக்கிறான். 30,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த ஒன்றை இறக்கிக் கொடுத்ததும், கம்பியைக்கூடத் தொடாமல் அதைத் திருப்பி, கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியின் பின்புறத்தைப் பார்த்தான். "சித்தப்பா, இந்தோனேசியானு போட்டிருக்கு. வேற பாக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

18 ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயத்திலும் பேஸ் வாசித்து வருகிறேன். இந்தக் கேள்வி என் காதில் விழாத வருடம் இல்லை. அன்று அவனுக்குக் கடையில் நின்றபடியே சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். ஒரு பேஸ் கிட்டாரின் தரத்தை அது செய்யப்பட்ட நாடு சொல்லாது. நம் கையிலிருக்கும் அந்த ஒரு கிட்டாரை எடுத்துப் பார்த்து, அதிலுள்ள குறைகளில் எவை திருத்தக்கூடியவை, எவை எவ்வளவு செலவழித்தாலும் திருந்தாதவை என்று பிரித்தறிவதுதான் தரம் பார்ப்பது.

இந்தக் கருவி பிறந்த விதத்தை நினைத்துப் பார்த்தால் நாட்டைப் பற்றிய பயம் பாதி குறைந்துவிடும். தஞ்சாவூர் வீணையை ஒரே பலா மரத்தில் குடைந்தெடுக்கும் ஆசாரியின் கை அந்த வீணையோடு ஒட்டியிருக்கிறது. அவர் இல்லாமல் அது இல்லை. மின்சார பேஸ் கிட்டாரின் கதை வேறு. கலிஃபோர்னியாவில் கிட்டார் செய்துவந்த லியோ ஃபெண்டர் 1951இல் பிரசிஷன் பேஸை வெளியிட்டபோது, அதன் நெக்கை, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தை, உடலோடு ஒட்டாமல் நான்கு திருகுகளால் முடுக்கும்படி வடிவமைத்தார். உடலைத் தனியாக வெட்டலாம், நெக்கைத் தனியாக வெட்டலாம், கெட்டுப்போனால் கழற்றி மாற்றலாம். ஆலையில் பலர் கையில் பகுதி பகுதியாகச் செய்து கோப்பதற்கென்றே பிறந்த கருவி இது. வரைபடமும் இயந்திரமும் பழகிய தொழிலாளர்களும் இருக்கும் எந்த ஊரிலும் அதைச் செய்துவிட முடியும்.

அப்படித்தான் நடந்தது. 1982இல் ஜப்பானில் ஃபெண்டர் ஜப்பான் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, மட்சுமோட்டோ நகரத்து ஃபூஜிஜென் ஆலையில் ஸ்குவையர் என்ற பெயரில் விலை குறைந்த கிட்டார்கள் செய்யப்பட்டன. அன்று 'ஜப்பான் சரக்கு' என்று சற்றுத் தாழ்வாகப் பார்க்கப்பட்ட அந்த ஆரம்பகாலக் கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். பிறகு அந்தப் பெயர் கொரியாவுக்கும், சீனாவுக்கும், இந்தோனேசியாவுக்கும் போயிற்று. இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் கோர்ட் என்ற கிட்டார் நிறுவனத்துக்கு இருக்கும் ஆலை தன் சொந்தப் பெயரில் கிட்டார் செய்வதோடு வேறு பல பெயர்களுக்கும் செய்து கொடுக்கிறது. ஆகவே கடைச் சுவரில் வெவ்வேறு பெயர்களோடு அடுத்தடுத்துத் தொங்கும் இரண்டு கிட்டார்கள் ஒரே கூரையின் கீழ் பிறந்தவையாக இருக்கக்கூடும்.

அப்படியானால் விலை எங்கே குறைகிறது என்று கேட்கலாம். மரவேலையில் அவ்வளவாகக் குறைவதில்லை. கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரம் சுரபாயாவில் வெட்டினாலும் கலிஃபோர்னியாவில் வெட்டினாலும் நெக் பொருந்தும் பள்ளத்தை ஒரே அளவில்தான் வெட்டும். கூலி வித்தியாசம் ஒரு பெரிய காரணம். மரத்தின் வகை, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் காந்தம், வால்யூம் குமிழ்களுக்கு உள்ளே இருக்கும் பாட்கள் என்ற மின்பாகங்கள் ஆகியவற்றில் கொஞ்சம் குறைக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, மனிதக் கை நிதானமாகச் செய்ய வேண்டிய கடைசி வேலைகளில் நேரத்தைக் குறைக்கிறார்கள்: நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டியான ஃபிரெட்டின் முனைகளை அரத்தால் மழுக்குவது, தலைப்பகுதிப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் காடிகளைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது, ஒவ்வொரு ஃபிரெட்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. விலை குறைந்த கிட்டாரை முடிக்கப்படாத கிட்டார் என்று எண்ணிக்கொள்வதுதான் சரி. மீதி வேலையை நாம் செய்துகொள்ள வேண்டும். அந்த மீதி வேலை செய்யக்கூடியதாக இருக்கிறதா என்பதுதான் கடையில் பார்க்க வேண்டியது.

அதில் முதலும் முடிவும் நெக்தான். பேஸின் கம்பி நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கும் அதிகமான விசையோடு அந்த நெக்கை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுவைக்கு எதிராக உள்ளே ஓடும் இரும்புத் தண்டுதான் டிரஸ் ராட். அது வேலை செய்தால் நெக்கின் வளைவை வேண்டிய அளவுக்குக் கொண்டுவரலாம். வேலை செய்யாவிட்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

இதை நான் கற்றது என் முதல் கிட்டாரில். எந்த நிறுவனம், எந்தக் கடை என்று சொல்ல விரும்பவில்லை. பளபளவென்று கறுப்பு வண்ணம், கனமான பிரிட்ஜ், பார்க்க அவ்வளவு அழகு. ஆறு மாதத்தில் கம்பி, ஃபிரெட்டுகள் பதிந்திருக்கும் ஃபிரெட்போர்டை விட்டு மேலே எழும்பிவிட்டது. நெக்கின் வளைவையும் கம்பியின் உயரத்தையும் சரிசெய்யும் செட்டப்புக்காகக் கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனபோது, அவர் டிரஸ் ராடின் திருகில் சாவியைப் போட்டு மெல்லத் திருப்பினார். அது சுற்றிக்கொண்டே போயிற்று, எதையும் பிடிக்கவில்லை. பிறகு கிட்டாரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஆசாரி விட்டத்தின் நேர் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "தம்பி, நெக் முறுக்கிக்கிச்சு. இதுக்கு மேல நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். இரண்டு வருடம் சேர்த்துவைத்த பணம் அது. அன்று பட்ட வேதனை இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் யார் கிட்டார் வாங்கக் கூப்பிட்டாலும் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகிறேன்.

ஆகவே கடையில் முதலில் அந்தப் பெரியவர் பார்த்ததுபோல் பாருங்கள். கம்பிகள் உரிய சுருதியில் இருக்கும்போது, ஃபிரெட்போர்டின் இரண்டு ஓரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கினால் அது முறுக்கு. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து, மிகத் தடித்த கம்பியான ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் கனம், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தாலும் கவலையில்லை, டிரஸ் ராடைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கால் சுற்றுக்கு இடைவெளி மாற வேண்டும். திருப்பிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கடைசியாக, நெக் உடலோடு சேரும் இடத்தில் ஃபிரெட்போர்டு மேல்நோக்கி எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் டிரஸ் ராடுக்கு எட்டாது. ஃபிரெட்டை அராவியோ மரத்தைச் சீவியோதான் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு இந்த விலைக் கிட்டாருக்குத் தாங்காது.

நெக் தேறிவிட்டால் மற்ற குறைகளைப் பயமில்லாமல் பார்க்கலாம். அன்று கடையில் நான் அவன் கட்டைவிரலைப் பிடித்து நெக்கின் ஓரத்தில் வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துக் காட்டினேன். நான்காவது ஃபிரெட்டில் ஒரு சின்ன முள், ஒன்பதாவதில் ஒன்று, பன்னிரண்டுக்கு மேல் வரிசையாக நான்கைந்து. விரலைக் கிழிக்கும் அளவுக்கு இல்லை, உறுத்தும் அளவுக்கு இருந்தது. ஃபிரெட்போர்டின் மரம் உலரும்போது சுருங்குகிறது, ஃபிரெட்டின் உலோகம் சுருங்குவதில்லை. அதனால் முனை வெளியே நீட்டிக்கொள்கிறது. சுரபாயாவும் சென்னையைப்போல ஈரக்காற்று வீசும் கடற்கரை நகரம் என்பதால், அமெரிக்காவின் வறண்ட குளிர்காலத்தில் இந்தக் கிட்டார்கள் படும் பாடு இங்கே அவ்வளவாக இல்லை. ஆனால் கடை நாள் முழுவதும் குளிர்சாதனத்தில் இருந்தால் இங்கேயும் அது நடக்கும். ஒரு சின்ன அரமும் ஒரு மாலைப்பொழுதும் போதும், தீர்ந்துவிடும். நம் ஊரில் அதைவிடப் பெரிய எதிரி துரு. கடற்காற்றில், கம்பியின் உயரத்தை மாற்றும் சேடில் திருகுகள் இறுகிப்போனால் பிறகு செட்டப் செய்யவே முடியாது. வாங்கும்போதே அவை சுழல்கின்றனவா என்று பாருங்கள். வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள்.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஈட்டி மரத்தின் வகைகள் அனைத்தும் 2017 ஜனவரியில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தபோது, ஆலைகள் ஃபிரெட்போர்டுக்கு வேறு மரம் தேடின. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்ட பிறகும் அந்த மாற்றம் பெரும்பாலும் நிலைத்துவிட்டது. இன்று பல விலை குறைந்த கிட்டார்களில் 'இந்தியன் லாரல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏதோ மட்டமான மரம் என்று முகம் சுளிக்கிறார்கள். அது நம் காடுகளில் வளரும் கருமருது. கெட்டியான மரம், நன்றாக உழைக்கும்.

பிறகு ஓசை. ஒலியைப் பெருக்கும் ஆம்பில் மாட்டுவதற்கு முன்பே, கிட்டார் உடலின் மேல்பக்கம் கொம்புபோல் நீண்டிருக்கும் பகுதியில் காதை வைத்து ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒரே பலத்தில் வாசித்துக் கேளுங்கள். எங்காவது கம்பி கரகரத்தால் அந்த ஃபிரெட்டோ அடுத்ததோ உயரம் மாறியிருக்கிறது. மிக மெல்லிய கம்பியான ஜி கம்பியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் வரை ஏதாவது ஓர் இடத்தில் சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் அணைந்துபோகலாம். நெக்கின் சொந்த அதிர்வு அந்தக் கம்பியின் அதிர்வை விழுங்கிக்கொள்வதால் வரும் குறை அது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் கிட்டார்களிலும் உண்டு. லேசாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். சட்டென்று செத்துப்போனால் அதே வகையில் இன்னொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்த இரண்டு கிட்டார்கள் இந்த ஒரு விஷயத்தில் வேறுபடும். அதனால்தான் முடிந்தவரை இணையத்தில் ஆர்டர் செய்யாதீர்கள் என்று சொல்கிறேன்.

பிக்கப், குமிழ், ஜாக் இவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. ஒரு சால்டரிங் இரும்பு இருந்தால் நாமே செய்யலாம்.

இந்தோனேசியக் கிட்டாரும் அமெரிக்கக் கிட்டாரும் ஒன்றுதான், பெயருக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று சொல்பவர்களோடும் நான் உடன்படவில்லை. நண்பர் ஒருவரின் அமெரிக்க பேஸைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அதன் ஈ கம்பி, 41 ஹெர்ட்ஸில் அதிரும் அந்த அடிச்சுரம், தெளிவாகவும் உறுதியாகவும் நிற்கும். நெக்கின் ஓரம் பல வருடம் கைபட்ட கைப்பிடிபோல வழவழவென்று இருக்கும். அது உண்மையான உழைப்பு, அதற்கு உண்மையான விலை உண்டு. ஆனால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுக்கும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி வாசிப்பவரின் கைக்குத்தான் தெரியும். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு பேஸ் என்பது பின்னால் உறுமும் ஓசை மட்டும் இல்லை. அது தனியாக ஒரு மெட்டு பாடும். அந்த மெட்டின் ஒவ்வொரு சுரமும் சுருதி பிசகாமல், ஒரே அளவில் ஒலித்தால் போதும். நல்ல நெக்கும் நல்ல செட்டப்பும் இருக்கும் 30,000 ரூபாய்க் கிட்டார் அதைத் தரும். செட்டப் செய்யாமல் அப்படியே மேடைக்கு எடுத்துப்போகும் லட்ச ரூபாய்க் கிட்டார் தராது.

அன்று மூன்று கிட்டார்களைப் பார்த்தோம். முதலாவதில் நெக் நேராக இருந்தும் ஜி கம்பியின் ஆறாவது ஃபிரெட் அணைந்துபோயிற்று. இரண்டாவது உடல் சேரும் இடத்தில் எழும்பியிருந்தது. அவன் திருப்பி வைக்க நினைத்த அதே வகையின் மூன்றாவது கிட்டாரில், முனை முள்ளையும் நட்டின் உயரத்தையும் தவிர வேறு குறை இல்லை. செட்டப்புக்கு 1,500 ரூபாய் ஆயிற்று. பதினேழாவது ஃபிரெட்டில் ஈ கம்பியின் உயரம் இப்போது 2.4 மில்லிமீட்டர், ஜி கம்பி 2 மில்லிமீட்டர். நட்டில் ஏ கம்பியின் காடி மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே இருக்கிறது, முதல் ஃபிரெட்டை அழுத்தினால் சுருதி இம்மியளவு ஏறுகிறது. அதை அவனே கண்டுபிடித்து, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கிட்டாரை என்னிடம் நீட்டி, "சித்தப்பா, இத அறுக்கணும்" என்றான்.